எக்ஸ்ரே எடுத்தவன் தங்கமாட்டான்

ஃபிஜித் தீவில் எங்கள் ஊரான புலிலேகா பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடத்தைத் திறந்துவைக்க லம்பாசா டவுனிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கழுத்து நிறைய மாலையோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு கட்டடம் நல்லபடியாக முடிவதற்குத் திட்டமிடல், ஒத்துழைப்பு, தரமான சிமெண்ட் என்று மூன்று காரணம் சொன்னார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தரமான சிமெண்டாம். தலைநகர் சுவாவிலிருந்து கப்பலில் வரவேண்டிய அந்த சிமெண்ட் மூன்று வாரம் தாமதமாக வந்ததும், வந்ததில் இருபது மூட்டை நனைந்து கல்லாகிப்போயிருந்ததும் அந்த மனிதருக்கு யார் சொல்லியிருக்கப்போகிறார்கள்? ஒத்துழைப்பு என்று அவர் சொன்னபோது கமிட்டிக்காரர்கள் கைதட்டினார்கள். வேலை நடந்த ஐந்து மாதத்தில் அவர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

கட்டடம் குறித்த நாளில் முடிந்ததற்கு நான் அறிந்த காரணம் வேறு. என் புருஷன் மகேந்திராவுக்கு, யார் எப்போது நாட்டை விட்டுப் போவார்கள் என்று மோப்பம் பிடிக்கத் தெரியும். அப்புறம், எனக்கும் போகவேண்டியிருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

என் புருஷனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கரும்புக்காரர் வீட்டில் பிறந்தும் கரும்பைக் கண்டால் ஆகாது. பதினாறு வயதில் தச்சு வேலைக்குப் போனவர், முப்பத்தைந்தில் சின்னதாகக் காண்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்தார். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். கோயிலுக்குப் போனாலும் இருக்கும். எங்கள் கல்யாணப் போட்டோவிலும் இருக்கிறது. புலிலேகாவில் பாதி வீடு அவர் கட்டியது. எங்கள் வீட்டுச் சமையலறைக்கு மட்டும் இன்னும் கதவு கிடையாது, சாக்குத் திரைதான் தொங்குகிறது. யார் என்ன கேட்டாலும் செய்யலாம் என்பார், நான் கேட்பதைத் தவிர.

எண்பத்தேழு மே மாதம், இந்தியர் கை ஓங்கிவிட்டது என்று ராணுவம் ஆட்சியைப் பிடித்து, எங்கள் ஜனங்கள் வெளிநாட்டுக்கு ஓட ஆரம்பித்தபோது அவர் டவுனில் ஒரு துணிக்கடைக்கு மாடி எடுத்துக்கொண்டிருந்தார். பிளாக் அடுக்கிக்கொண்டிருந்தவன் சுமன் என்கிற கெட்டிக்காரன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, "திங்கக்கிழமை பாக்கலாம் அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். திங்கட்கிழமை அவன் வான்கூவரில் இருந்தான். சுவர் மார்பு உயரத்தில் நின்றது. அவன் எந்த மூலையிலிருந்து நூல் பிடித்திருந்தான் என்பது அவனுக்குத்தான் தெரியும். வேறு ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் மழைக்காலம் வந்தது. அதற்குள் துணிக்கடை முதலாளியும் குடும்பத்தோடு சிட்னிக்குப் போய்விட்டார். அந்தச் சுவரில் பல வருஷம் ஆடு ஏறி நின்றது.

சொல்லிவிட்டுப் போனால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் ஜனங்கள் சொல்லமாட்டார்கள். விசா வந்ததை வெளியே சொன்னால் நஜர் பட்டுவிடும். கண் பட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி, கண் பட்டு விசாவும் போகும் என்று நம்பினார்கள். ஒருத்தர் கல்யாண வீட்டில் வாய்தவறிச் சொன்னாராம், அடுத்த வாரமே அவர் பேப்பர் திரும்பி வந்ததாம். அவர் பேர் என்ன, எந்த ஊர் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் அதன்பிறகு மாவட்டமே வாயைத் தைத்துக்கொண்டது. கூடப் பிறந்தவளிடம்கூடச் சொல்லமாட்டார்கள். காலையில் பால் வாங்கப் போய், கதவில் பூட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். இந்தக் கூத்தில் அரைகுறையாக நின்ற வீடுகளை நான் எண்ணிப்பார்த்தது கிடையாது, எண்ணினால் எனக்குத்தான் ரத்தக்கொதிப்பு வரும்.

மகேந்திரா சுமன்மேல் கோபப்படவில்லை. அவருக்குக் கோபப்படத் தெரியாது. அந்த வேலையையும் நான்தான் செய்தேன். அவர் உட்கார்ந்து யோசித்தார். சுமன் போவதற்கு முன்னால் என்னென்ன செய்தான் என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தார். இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தான், வெளிநாட்டில் பல்டாக்டர் கிட்டே நெருங்கமுடியாது என்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் இரவல் வாங்கிய மண்வெட்டியைத் திருப்பித் தந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் புது ஷூ போட்டுக்கொண்டு கரும்புத் தோட்டத்தில் நடந்து பழகினான். எல்லாவற்றுக்கும் மேலாக, இருமலும் இல்லாமல் சளியும் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், விசாவுக்குக் கேட்கிற நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தான்.

"எக்ஸ்ரே எடுத்தவன் தங்கமாட்டான்" என்றார் என் புருஷன். அதுதான் அவர் வாழ்க்கையில் கண்டுபிடித்த ஒரே தத்துவம். பத்துப் பதினைந்து பேரைப் பார்த்தபிறகு கணக்கும் சொன்னார். எக்ஸ்ரேயிலிருந்து நாலு மாதம், முன்னே பின்னே ஒரு வாரம்.

அதன்பிறகு எந்த வேலை எடுத்தாலும், சாமான் வைக்கிற ஷெட்டுக்குள் ஒரு பிளைவுட் பலகையை ஆணியடித்து மாட்டுவார். அதில் மூன்று கட்டம் போடுவார். முதல் கட்டத்தில் வேலை, இரண்டாவதில் ஆள், மூன்றாவதில் எதுவரை. ஆங்கில எழுத்தில் ஹிந்தியும் தமிழுமாகப் பென்சிலால் எழுதுவார். பல் பிடுங்கிக்கொண்டவன், மாட்டை விற்றவன், திடீரென்று எல்லாரிடமும் மரியாதையாகப் பேசுகிறவன், இவர்கள் பேருக்கு எதிரே மூன்றாவது கட்டத்தில் ஒரு தேதி விழும். அந்தத் தேதிக்குள் அவன் கையால் ஆகவேண்டியதை முடித்துவிடுவார். யாரிடமும் போகிறாயா என்று கேட்கமாட்டார். போகாதே என்றும் சொல்லமாட்டார். நான் அந்தப் பலகையைப் படித்ததே இல்லை. ஓடுகிறவர்கள் பட்டியலில் எனக்கென்ன வேலை?

எண்பத்தேழிலிருந்தே நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "போயிடலாம்ங்க" என்பேன். "இந்தக் கட்டடம் முடியட்டும்" என்பார். அந்தக் கட்டடம் முடிவதற்குள் அடுத்ததற்கு வாக்குக் கொடுத்திருப்பார். கோயில் மடைப்பள்ளி, அரிசிக் கிடங்கு, வரிசையாக வீடுகள். பதின்மூன்று வருஷம் இந்த ஒரே பதில். எங்கள் மகன் குஷால் படித்து முடித்து சுவாவில் வேலைக்குப் போய், அங்கேயே ஒரு பெண்ணையும் பார்த்துக்கொண்டான். அவன் கல்யாணத்துக்குப் போகலாமா என்று கேட்டபோதும் இந்தக் கட்டடம் முடியட்டும் என்றுதான் அந்த மனிதர் வாய் தவறிச் சொன்னார்.

இரண்டாயிரத்தில் மறுபடியும் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். எங்கள் பக்கத்தில் மாடு காணாமல் போனது, கோழி போனது, ஒரே ராத்திரியில் கிழங்குத் தோட்டம் வெறும் மண்ணாகக் கிடந்தது. வேலி ஓரம் யாராவது நின்று பேசினால் விளக்கை அணைத்துவிடுவேன். பயந்துவிட்டேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அந்தச் சமயத்தில்தான் காற்றில் கூரை பறந்துபோன பள்ளிக்கூடத்துக்கு நாலு வகுப்பறை கட்டும் வேலையை என் புருஷன் ஏற்றுக்கொண்டார். பிள்ளைகள் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்தார்கள், ஜனவரி கடைசியில் பள்ளி திறப்பதற்குள் கட்டடம் தயாராகவேண்டும். செப்டம்பரில் அஸ்திவாரம் தோண்டினார்கள்.

என் தங்கை உர்மிளா ஆக்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். அங்கே ஆள் தேவை என்று போன் செய்தாள். படுத்த படுக்கையான மாமியாரை ஒன்பது வருஷம் பார்த்தவள் நான். டவுனில் நர்ஸிங் வகுப்புக்குப் போய் வாங்கிய சான்றிதழும் இருந்தது. அவள் சொன்னபடி எழுதிப்போட்டேன். அக்டோபரில் எக்ஸ்ரே கேட்டார்கள். இவர் மோப்பம் பிடித்துவிடுவாரே என்று, ஒரு வாரம் முன்னதாகவே இருமிப் பழகினேன். சோறு போடும்போது இருமினேன், துணி உலர்த்தும்போது இருமினேன். கடைசியில், "இருமல் நிக்கமாட்டேங்குது, ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வந்துடறேன்" என்றேன். "போயிட்டு வா, சுஷீலா" என்றார். அவ்வளவுதான். இந்த ஆளை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

டிசம்பரில் வேலை அனுமதிக் கடிதம் வந்தது. பிப்ரவரி பத்துக்குள் ஆக்லாந்தில் இறங்கவேண்டும். பருப்பு டின்னுக்குள் கடிதத்தை ஒளித்து வைத்தேன். ஊரெல்லாம் வாயை மூடிக்கொண்டு ஓடுகிறது என்று திட்டித் தீர்த்தவள் நான், நானும் மூடிக்கொண்டேன். என் கணக்கு இதுதான். பள்ளிக்கூடம் ஜனவரியில் முடிந்துவிட்டால் அவர் கையில் வேறு கட்டடம் கிடையாது. கட்டடம் இல்லையென்றால் சாக்கும் கிடையாது. அப்போது கடிதத்தை எடுத்து முன்னால் வைப்பேன். நான் முதலில் போகிறேன், ஆறு மாதத்தில் நீங்கள் வாருங்கள் என்பேன். கட்டடம் இழுத்துக்கொண்டே போனால் கடிதம் வெறும் காகிதமாகிவிடும்.

ஆகவே கட்டடத்தை முடிக்க நான் களத்தில் இறங்கினேன்.

பன்னிரண்டு பேருக்கு மத்தியானச் சாப்பாடு என் பொறுப்பு. சாப்பிட்டதும் யங்கோனா என்கிற மயக்கும் வேரைப் பொடித்து, மரத் தாம்பாளத்தில் கரைத்துக் குடிக்க உட்காருவார்கள். ஒரு கிண்ணம், இரண்டு கிண்ணம், அப்புறம் கதை, மணி இரண்டாகிவிடும். அதைக் குடித்தவன் சாரத்தில் ஏறினாலும் ஒன்றுதான், ஏறாவிட்டாலும் ஒன்றுதான். நான் ஒருநாள் அந்தப் பெரிய மரத் தாம்பாளத்தையே சோற்றுக் கூடையில் போட்டு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கான்கிரீட் வேலைக்காரர் இலிசோனி பக்கத்து ஃபிஜியன் கிராமத்துக்காரர், ஹிந்தி எங்களைவிட நன்றாகப் பேசுவார். "அக்கா, என் சம்சாரம்கூட இப்படிப் பண்ணமாட்டா" என்றார். "அதான் உங்க வீடு பாதியில நிக்குது" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வேலைக்குப் போனார்.

பிறகு கமிட்டி. தலைவர் ராமச்சந்திரன் ஓய்வுபெற்ற வாத்தியார். வாரம் ஒருமுறை வந்து எதையாவது மாற்றச் சொல்வார். சுவர் பாதி எழும்பியபிறகு ஒருநாள் வந்து, "மகேந்திரா, முன்னாடி ஒரு ஆர்ச் வச்சா எடுப்பா இருக்கும்" என்றார்.

என் புருஷன் வாயைத் திறந்தார். செய்யலாம் என்று சொல்லத்தான் திறந்தார் என்று எனக்குத் தெரியும். நான் முந்திக்கொண்டேன்.

"வாத்தியாரய்யா, அந்த ஆர்ச்சுக்குக் கீழே நின்னா பிள்ளைங்க நனையுமா, நனையாதா?"

"அது அழகுக்கும்மா."

"அப்போ கூரை போட்டுட்டு அழகு பாக்கலாம். இல்ல, நீங்களே ஏறி வச்சுக்குங்க, நான் ஏணி பிடிக்கறேன்."

அவர் அடுத்த இரண்டு வாரம் வரவில்லை. அந்த இரண்டு வாரத்தில்தான் சுவர் முடிந்தது.

கூரைத் தச்சன் ரோனல். இருபத்தெட்டு வயது, தமிழ் சுத்தமாக வராது, ஹிந்திதான். என் கடிதம் வருவதற்கு முன்னாலேயே, நவம்பர் முதல் வாரத்தில் ஒருநாள், நான் வைத்த கோழிக் கறியைத் தொடாமல் பருப்பும் சோறும் மட்டும் பிசைந்து விழுங்கிக்கொண்டிருந்தான். என் புருஷன் அவன் தாடையையே பார்த்தார். பல் போயிருந்தது. அன்று மத்தியானமே பலகையில் ஏதோ அழித்து எழுதினார். சுவர் முடிவதற்கு முன்னாலேயே கூரைச் சட்டங்கள் முழுவதையும் தரையில் வைத்து அறுத்து இணைக்கச் சொன்னார். இதென்ன தலைகீழ் வேலை என்று எல்லாரும் சிரித்தார்கள். கமல் என்கிற இன்னொரு தச்சனை ரோனலோடு கூடவே நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பையும் அவன் கையாலும் செய்ய வைத்தார்.

நவம்பர் முப்பதாம் தேதி கடைசிச் சட்டம் முடிந்தது. சாயந்திரம் ரோனல் கிளம்பும்போது, என் புருஷன் அவனுடைய ரம்பத்தை எண்ணெய் போட்டுத் துடைத்துச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். "அங்கே ஈரம் ஜாஸ்தியாம். துரு பிடிக்காம வச்சுக்கோ" என்றார். ரோனல் அதை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். பிறகு அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனான். அடுத்த நாள் அவன் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது.

எனக்கு அன்று பொறுக்கவில்லை. "ஒருத்தனையாவது நிறுத்தி வைக்கக்கூடாதா? இருடான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"நிறுத்தினா உடம்பு இங்கே நிக்கும், மனசு அங்கே போயிடும். அந்த மாதிரி ஆள் கட்டின சுவர் நேரா நிக்காது" என்றார். எனக்கு அது பதிலாகவே படவில்லை. ஆனால் எனக்கு வரப்போகிற கடிதத்தை நினைத்து, அவர் அப்படிப்பட்டவராக இருப்பது நல்லதுதான் என்று சும்மா இருந்துவிட்டேன்.

டிசம்பர் முழுக்க மழை. சுவருக்கு மேலே சுற்றி ஓடும் கான்கிரீட் உத்தரத்தைப் போடுகிற அன்று வானம் கறுத்தது. பக்கத்து வீட்டு இந்திராவதியையும் இன்னும் பத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போய், கரும்புக்குப் போடுகிற உரச் சாக்கையும் பிளாஸ்டிக்கையும் பிரித்துத் தைத்து, சாரத்தில் ஏறி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கை கடுத்தது. கீழே இலிசோனி பாட்டுப் பாடிக்கொண்டே சிமெண்ட் குழைத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. கமல் ஜனவரியில் சட்டங்களை ஏற்றி, காற்றுக்குப் பறக்காமல் இரும்புப் பட்டையால் உத்தரத்தோடு பிணைத்தான். இருபத்தைந்தாம் தேதி கடைசித் தகரம் ஏறியது. இருபத்தேழாம் தேதி திறப்பு விழா.

விழா முடிந்து, அதிகாரி பாயசம் குடித்துவிட்டுக் கிளம்பியதும், நான் பருப்பு வாசனையோடு இருந்த கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். அவர் தனியாக ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார்.

"கட்டடம் முடிஞ்சுது" என்றேன்.

"கத்தம்" என்று அவரும் ஹிந்தியில் சொன்னார்.

கடிதத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்து, அதனால் பலகையைக் காட்டினார்.

வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பலகையைப் படித்தேன். கட்டட வேலைகள் எல்லாம் வரிசையாக இருந்தன, எல்லாவற்றின்மேலும் கோடு போட்டிருந்தது. ரோனல், நவம்பர் முப்பது. அதற்குக் கீழே, கோடு போடாமல் ஒரு வரி. சாப்பாடு, சுஷீலா, பிப்ரவரி ஒன்பது. அதற்கும் கீழே புதிதாக ஒரு தலைப்பு, ஆசிரியர் குவார்ட்டர்ஸ். அதில் சாப்பாட்டுக்கு நேராக இந்திராவதி என்று எழுதியிருந்தது. இந்திராவதியின் மூன்றாவது கட்டம் காலி.

"இது எப்ப எழுதினது?"

"நீ எக்ஸ்ரே எடுத்த அன்னிக்கு. அக்டோபர் ஒம்பது. நாலு மாசம்."

"கடுதாசியில பத்தாம் தேதி போட்டிருக்கு" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"ஒரு நாள் தப்பு" என்றார். "அதான் இருபத்தேழுல முடிச்சேன். உனக்குப் பெட்டி கட்ட ரெண்டு வாரம் வேணும்ல" என்றார்.

எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. நான் சாக்குப் பிடித்ததும், தாம்பாளத்தைத் தூக்கியதும், வாத்தியாரை விரட்டியதும், எல்லாம் நான் அவருக்குத் தெரியாமல் செய்த சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் என்னையும் சுமனோடும் ரோனலோடும் சேர்த்துப் பட்டியலில் எழுதி, எனக்குப் பதில் ஆளும் பார்த்துவிட்டு, நான் செய்த இருமலையும் கேட்டுக்கொண்டு, நாலு மாதம் ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அடுத்த கட்டடமும் ஒப்புக்கொண்டாயிற்று. அவர் வருவதாகவே இல்லை.

"எனக்கும் ரம்பத்தைத் துடைச்சுக் குடுக்கிற மாதிரி ஏதாவது எடுத்து வச்சிருக்கீங்களா?"

அவர் பார்வை மூலைக்குப் போனது. நானும் பார்த்தேன். எங்கள் பழைய தகரப் பெட்டி, பிடி உடைந்து கிடந்ததற்குப் புதுப் பிடி போட்டு, துருவைச் சுரண்டி, பச்சை பெயிண்ட் அடித்திருந்தது. சமையலறைக் கதவுக்குப் பதின்மூன்று வருஷம் நேரம் கிடைக்காத ஆள்.

"என்கிட்டயாவது போகாதேன்னு சொல்லமாட்டீங்களா?" என்றேன்.

"சொன்னா நின்னுடுவே" என்றார். "நின்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவே."

அவர் கண்ணைப் பார்த்தேன். சிவந்திருந்தது. சிமெண்ட் தூசி என்று அவர் சொல்வார், நானும் கேட்கவில்லை. பென்சிலைப் பிடித்திருந்த கை நீட்டினபடியே இருந்தது. பலகையைக் காட்டுகிறாரா, பென்சிலைத் தருகிறாரா என்று புரியவில்லை. தருகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். பிடுங்கினேன் என்று அவர் இன்றும் சொல்கிறார்.

பிப்ரவரி ஒன்பதை அடித்தேன். இந்திராவதியை அடித்தேன். குவார்ட்டர்ஸ் சாப்பாட்டுக்கு நேராக சுஷீலா என்று எழுதினேன். அழுத்தி எழுதியதில் பென்சில் முனை உடைந்தது. மூன்றாவது கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

உர்மிளா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. இரண்டாயிரத்தாறில் மறுபடியும் கவிழ்த்தார்கள், கமலும் போனான். அவனுக்கும் ரம்பம் துடைத்துக் கொடுத்தார் என் புருஷன். எக்ஸ்ரே எடுத்தபிறகும் இங்கேயே தங்கிவிட்ட ஒரே ஆள் என்று என்னை ஊரில் காட்டிப் பேசிக்கொள்வார்கள். பச்சைப் பெட்டியில் இப்போது அரிசி இருக்கிறது.

அவர் சொன்னது நடந்தது. அன்றிலிருந்து ஒருநாள் தவறாமல் சொல்லிக் காட்டுகிறேன். குழம்பு கொதிக்கும்போது சொல்வேன், மழை பெய்யும்போது சொல்வேன். நேற்றுகூட, சாக்குத் திரையை விலக்கிக்கொண்டு, "அன்னிக்குப் போயிருந்தா இன்னிக்கு எனக்குக் கதவு வச்ச சமையலறை இருந்திருக்கும்" என்றேன். அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து, வாசல் அகலத்தைக் கண்ணாலேயே ஒருமுறை அளந்தார்.

"இந்தக் கட்டடம் முடியட்டும்" என்றார்.